சிறைக்குப் பதில் சிகிச்சை: 64ஏ, 39 பிரிவுகளைக் கையாள்வது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வழக்கறிஞர்களும் மறுவாழ்வு மையப் பணியாளர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பது நல்லது. ஏனென்றால் நான் பேசப்போகும் சிக்கல் இந்த இரு தரப்புக்கும் நடுவில்தான் கிடக்கிறது. போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை என்பது நீதிபதி பார்த்துக் கொடுக்கும் சலுகை என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் போதைப்பொருள் குற்றங்களுக்கான 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டத்திலேயே அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. அவை அடைபட்டுப் போவதற்குப் பெரும்பாலும் நாம் தாக்கல் செய்யும் அரைகுறைக் காகிதங்களே காரணம்.

முதல் வழி பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையான ஒருவர், அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், உட்கொண்ட குற்றத்துக்கும் சிறு அளவு தொடர்பான குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். இரண்டாவது பிரிவு 39. இது குற்றவாளி என்று முடிவான பிறகு வருவது. தண்டனையை உடனே விதிக்காமல், அவருடைய சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம். அவர் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து, ஓராண்டுக்குள் மருத்துவ அறிக்கையோடு நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால் எச்சரித்து விடுவிக்கலாம். அதற்கு மூன்றாண்டு வரையிலான இன்னொரு பிணைப்பத்திரம் உண்டு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு, அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வழக்கு முடிந்ததென்று குடும்பத்துக்கும் நிம்மதி. ஆனால் குற்றத்தீர்ப்பு பதிவில் நின்றுவிடுகிறது; சிகிச்சையும் நடக்கவில்லை. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க வழிசெய்யும் நன்னடத்தைச் சட்டம் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். என்.டி.பி.எஸ். சட்டத்தின் பிரிவு 33இன்படி, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 26 (உரிமம் பெற்றவர்களின் விதிமீறல்), 27 (உட்கொள்ளுதல்) பிரிவுக் குற்றங்களுக்கும் மட்டுமே அது பொருந்தும். சிறு அளவு கஞ்சா வைத்திருந்ததாக 20ஆம் பிரிவில் வழக்கு என்றால், வயது வந்தவருக்கு 39தான் மிஞ்சுகிறது. ஒப்புக்கொள்ளச் சொல்வதற்கு முன் 64ஏ மனு போட வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அளவு. ஹெராயின் 5 கிராம், கோகெயின் 2 கிராம், சரஸ் (கஞ்சாச் செடியின் பிசின்) 100 கிராம், கஞ்சா ஒரு கிலோ. இவைதான் சிறு அளவின் எல்லைகள். ஹீரா சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, கலப்படப் பொருளையும் சேர்த்து மொத்த எடைதான் கணக்கு. மட்டமான சரக்கு வாங்கியவர் அந்தக் கலப்படத்தாலேயே 5 கிராம் எல்லையைத் தாண்டிவிடலாம். கொடுமைதான், ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் நிற்கிறது. எனவே எடை போட்ட மகஜரில் (பறிமுதலின்போது எழுதும் பதிவில்) பாக்கெட் உறையின் எடை கழிக்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

மூன்றாவது, யார் அடிமை? சட்டத்தின் வரையறைப்படி, போதைப்பொருளைச் சார்ந்தே இருக்கும் நிலைக்குப் போனவர். எப்போதாவது இழுக்கிற கல்லூரி மாணவன் இதில் வரமாட்டான். அதிகம் பழகியவனுக்குக் கதவு திறக்கிறது, குறைவாகப் பழகியவனுக்கு மூடுகிறது! இந்த முரணை நாடாளுமன்றம்தான் தீர்க்க வேண்டும். அதுவரை மனநல மருத்துவரின் சான்றிதழே நமக்கு ஆதாரம். 'இவருக்குப் போதைப் பழக்கம் உள்ளது' என்ற ஒற்றை வரி போதாது. சார்பு நிலைக்கான ஆறு அறிகுறிகளில் குறைந்தது மூன்று கடந்த ஓராண்டுக்குள் சேர்ந்து இருந்தனவா, எந்தப் பொருள், எத்தனை காலம், பரிசோதித்த தேதி ஆகிய எல்லாமே அதில் வர வேண்டும்.

மையம் அங்கீகாரம் பெற்றதா என்பதற்கான சான்றின் நகலையும் மனுவோடு இணையுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் பதிவு உண்டா என்பதும் முக்கியம். சங்கிலியால் கட்டிவைப்பதை அந்தச் சட்டம் அறவே தடை செய்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு மகனை வலுக்கட்டாயமாகத் தூக்கிச் சென்று அடைத்துவிட்டு, 'தானாக முன்வந்தார்' என்று மனுவில் எழுதினால் பொய்ப் பிரமாணம்தான் மிஞ்சும்.

இனி சிகிச்சைக்கு வருகிறேன். பத்து நாள் அனுமதியை முழுச் சிகிச்சை என்று நீதிமன்றத்தில் சொல்வதுதான் நான் காணும் ஆபத்தான பழக்கம். ஹெராயினை நிறுத்திய 8 முதல் 12 மணி நேரத்தில் விலகல் அறிகுறிகள் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். அது உடலிலிருந்து நஞ்சு இறங்குவது மட்டுமே. அந்தப் பத்து நாளில் உடலின் தாங்குசக்தியும் இறங்கிவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே ஊசியில் ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் சிகிச்சைத் திட்டத்தில் பிறகு தொடரும் மருந்தையும் எழுதச் சொல்கிறேன். ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஓபியம் வகை மருந்தான பியூப்ரெனார்ஃபின் என்றால் விலகல் அறிகுறி தெரிந்த பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டுக் கொடுத்தால் அறிகுறிகள் திடீரென்று மூர்க்கமாகும். ஓபியம் வகையின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் என்றால், தொடங்குவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் வரை ஓபியம் வகை எதுவும் உடலில் இருக்கக்கூடாது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று நீதிபதி கேட்டால் விளக்கக்கூடியவர் மருத்துவர்தான். அவருடைய விளக்கக் குறிப்பை முன்கூட்டியே இணைத்துவிடுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையிலும் கவனம் தேவை. தினமும் கஞ்சா புகைத்தவர் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் 'பாசிட்டிவ்' காட்டலாம். அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது. கசகசா சேர்த்த உணவுகூட மார்ஃபின் என்று காட்டும். துண்டுப் பட்டைப் பரிசோதனை முதற்கட்டம் மட்டுமே; சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் உறுதிசெய்த பிறகே அறிக்கை எழுதுங்கள்.

மறுபடி ஒருமுறை உட்கொண்டுவிட்டார் என்றால்? சிகிச்சையை முழுமையாகப் பெறாவிட்டால் விலக்கைத் 'திரும்பப் பெறலாம்' என்பதுதான் 64ஏ சொல்வது. பெற்றே ஆக வேண்டும் என்பதல்ல. எனவே மையத்தின் அறிக்கையில் இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்: சிகிச்சையில் இருந்தபடியே சறுக்கியவர் ஒருவர், சிகிச்சையை விட்டே போனவர் இன்னொருவர். முன்னவருக்கு மருந்தளவை மாற்றியதையும் ஆலோசனையைக் கூட்டியதையும் தேதியோடு எழுதுங்கள். பின்னவர் மையத்திலிருந்து கிளம்பிவிட்டால், அன்றைக்கே வழக்கறிஞருக்குத் தகவல் போக வேண்டும். அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் சேர்த்த விவரத்தை அடுத்த வாய்தாவுக்குக் காத்திராமல் மெமோவாகத் தாக்கல் செய்யுங்கள். காவல்துறையின் மனு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், நாம் பிறகு சொல்லும் விளக்கம் சாக்காகவே கேட்கும்.