மேலண்ணம் எடுத்த பிறகு: தகடு போடும் கதை

[காட்சி: சுங்கை சிப்புட் கடைத்தெரு, காலை நேரம். வெற்றிலை அடுக்கிய கடை.]

வணக்கம். நம் தோட்டத்துப் பாட்டிமார் பலருக்கு வெற்றிலை பாக்கு இல்லாமல் பொழுது போகாது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அது வாய்ப்புற்றை உண்டாக்கும். மலேசியாவில் இந்த நோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். இன்று பேசப்போவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் சிரமத்தைப் பற்றி.

[காட்சி: வாய், மூக்கின் குறுக்குவெட்டுப் படம்.]

மேல்தாடையில் புற்று வந்தால் அண்ணத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கலாம். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே இருப்பது அந்த அண்ணம்தான். அது போனால் குடிக்கும் தேத்தண்ணி மூக்கு வழியே வரும், பேச்சு மூக்கால் ஒலிக்கும். வெளியே சாப்பிடவே கூச்சப்பட்டு வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள்.

ஆப்டுரேட்டர் என்னும் தகடு இந்த ஓட்டையை அடைக்கும். பெரும்பாலும் அக்ரிலிக்கில் செய்வார்கள். மேலே ஓட்டைக்குள் பொருந்தும் குமிழ், கீழே செயற்கைப் பற்கள். மீதியிருக்கும் பற்களைக் கம்பிக் கொக்கி பிடித்துக்கொள்ளும்.

முதல் தகட்டை அறுவை மேசையிலேயே பொருத்திவிடலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே வாயை அச்செடுத்திருக்க வேண்டும். கொக்கி மாட்ட எந்தப் பல்லைக் காப்பாற்றலாம், புற்றுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன் எந்தச் சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அதனால் அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே கேளுங்கள்: "டாக்டர், செயற்கைப்பல் நிபுணரை இப்பவே பார்க்கலாமா?" அம்மா அப்பா கேட்கத் தயங்கினால், கூடப் போகும் பிள்ளைகள் கேளுங்கள்.

[காட்சி: தகட்டைச் சோப்பு போட்டுக் கழுவும் கை.]

காயம் ஆற ஆற ஓட்டையின் அளவு மாறும். அதனால் நடுவில் ஒரு தற்காலிகத் தகடு. நிலையான தகடு பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் கழித்து. கதிர்வீச்சு இருந்தால் இன்னும் தள்ளிப்போகலாம்.

இதற்கிடையில் தாடை இறுகிவிடக்கூடாது. வாய் திறக்கவில்லை என்றால் தகடே உள்ளே போகாது. மருத்துவக் குழு சொல்லித்தரும் வாய் திறக்கும் பயிற்சியை வலித்தாலும் அவர்கள் சொன்ன அளவுக்குச் செய்யுங்கள். சாப்பிட்டதும் தகட்டைக் கழற்றிக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், அக்ரிலிக் வளைந்துவிடும்.

அப்புறம், தண்ணீர் மறுபடி மூக்கில் ஏறினால் தகட்டைச் சரிசெய்யலாம், சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். தகடு கச்சிதமாக இருந்தாலும் ஈப்போவுக்குப் போகும் அப்பாயின்ட்மென்ட்டை விடாதீர்கள். கழற்றும் தகடு என்பதால் எடுத்த இடத்தை டாக்டர் நேரே பார்த்து, புற்று திரும்புகிறதா என்று சோதிக்க முடியும்.