எந்த அலையில் ஏறுவது? தேசாரு போகும் முன் ஒரு பாடம்

[காட்சி: ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கரை. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள்.]

வணக்கம். கால் நனைக்கிற இந்தச் சின்ன அலைகளில் சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது, பழக முடியுமா? முடியாது. மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ரியாவ் தீவுகள் எல்லாம் சிங்கப்பூரைச் சுற்றி அணைபோல நிற்கின்றன. பெருங்கடலின் அலை உள்ளே வர வழியில்லை. இங்கே கரையைத் தொடுகிற அலைகளில் பல, கப்பல்கள் கிளப்பிவிட்டவை.

அதனால்தான் இங்கிருந்து பலர் தேசாருவுக்குப் போகிறார்கள். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்துக் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலைப் பார்த்த ஊர். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அங்கே அலை எழுப்பும்.

[காட்சி: தேசாரு கடற்கரை, காலை நேரம்.]

போய் இறங்கியதும் பலகையோடு ஓடாதீர்கள். இருபது நிமிடம் மணலில் உட்காருங்கள். அலைகள் கூட்டமாக வரும்: நாலைந்து பெரியவை, அப்புறம் ஒரு ஓய்வு. அந்த ஓய்வை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

எல்லாரும் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, அலை எப்படி உடைகிறது என்பதை. கடலடி மெல்லச் சரிந்திருந்தால் உச்சியிலிருந்து நுரை வழிந்து இறங்கும், பால் பொங்கி வழிகிற மாதிரி. பழகுபவருக்கான அலை அதுதான். கடலடி திடீரென்று மேடானால், அலையின் கால் தடுக்கி, தலை முன்னால் பாய்ந்து ‘தொம்’மென்று விழும். அந்த இடத்தில் தண்ணீரும் குறைவு, கழுத்து மணலில் மோதலாம். அந்தச் சத்தம் கேட்டால் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் வந்ததும் உடையும். முக்கால் மீட்டர் அலை உடைகிற இடத்தில் ஆழம் சுமார் ஒரு மீட்டர், அதாவது இடுப்பளவு. கரையில் உட்கார்ந்தபடியே கடலின் ஆழத்தை அளந்துவிடலாம்!

[காட்சி: அலைகளுக்கு இடையே விநாடிகள் ஓடுகின்றன.]

அடுத்து, இரண்டு அலைகளுக்கு நடுவே விநாடிகளை எண்ணுங்கள். ஐந்தோ ஆறோ என்றால், அது பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. நீங்கள் எழுந்து நிற்பதற்குள் அடுத்தது வந்து தள்ளிவிடும். எட்டு, ஒன்பது என்றால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் ஒன்று: உயரம் ஒன்றாகவே இருந்தாலும், இடைவெளி கூடக்கூட அலையின் பலமும் கூடும். காற்று கடலிலிருந்து பலமாக அடித்தால் எல்லாம் கலங்கிப்போகும், அதிகாலை பெரும்பாலும் நல்லது.

இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாக ஒரு பாதை தெரிகிறதா? இறங்க வசதியான இடம் போலத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியாக அது இருக்கலாம். அங்கே இறங்கவே கூடாது. மாட்டிக்கொண்டால் பலகையை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள்.

சரி, இருபது நிமிடம் ஆகிவிட்டது. பலகையின் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து போங்கள், நீந்த வேண்டாம். முதல் சில நாள்களுக்கு முழு அலை தேவையில்லை. உடைந்து உருண்டு வருகிற வெள்ளை நுரை போதும். அது பலகையின் பின்பக்கத்தைத் தொடும்வரை காத்திருங்கள்.