ஆயாவுக்கு அரைத் தலை

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். ஊரின் குரலை உரக்கச் சொல்வது வெளியிலிருந்து வரும் கலைஞரா, ஊர்க்காரரே எடுக்கும் ஆவணப்படமா? நாங்கள் ஊர்க்காரர் பக்கம். தலைப்பு முடிந்தது, கதைக்கு வருகிறேன்.

பள்ளிகொண்டா பக்கம் என் அத்தை ஊர். அங்கே ஒரு படக்குழு வந்து இறங்கியது. வறண்ட பாலாற்று மணலில் ஓர் ஆயா குடத்தோடு நடக்க வேண்டும். என் அத்தையின் மாமியார் கிடைத்தார். குடமும் கொண்டு வந்தார். பச்சை பிளாஸ்டிக் குடம். இயக்குநர் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. "மண்குடம் இல்லையாம்மா?"

"மண்கொடத்துல மொண்டுகினு வந்தா இடுப்பு இன்னாத்துக்கு ஆவும் நைனா?"

தம்பி விடுவாரா? தெருத்தெருவாகத் தேடி, அப்போதுதான் கல்யாணம் முடிந்த வீட்டிலிருந்து ஒரு பானையைத் தூக்கி வந்தார்கள். என்ன பானை? அரசாணிப் பானை! சுண்ணாம்பு அடித்து, காவி வரிந்து, மஞ்சள் குங்குமம்கூட அழியாத பானை! ஆயா நடந்தார். "இன்னொரு தடவைம்மா, கொஞ்சம் சோகமா." நடந்தார். "சூரியன் மறைஞ்சிடுச்சு, மறுபடியும்." நடந்தார். கடைசியில் சொன்னார்: "நைனா, இந்நேரத்துக்கு நான் குழாய்க்கே போய் தண்ணி புடிச்சிகினு வந்திருப்பேன்!"

படம் வந்தது. ஊரே உட்கார்ந்து பார்த்தது. வயலின் அழுகிறது. பூமியின் தாகம் என்று ஒரு கட்டைக் குரல் உருகுகிறது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "யாருக்குடா கல்யாணம்?" அப்புறம் ஆயா கடைக்குப் போனாலும் பையன்கள் விடவில்லை. "ஆயா, முகூர்த்தம் எத்தினி மணிக்கு?"

சரி. அதே ஆயாவை என் அத்தை மகள் செல்போனில் எடுத்தாள். அதைத்தான் எதிரணி அண்ணன் இங்கே கிண்டல் செய்தார். "செல்போன் வைத்திருப்பவரெல்லாம் இயக்குநரா? அந்தப் படத்தில் ஆயாவுக்கு அரைத் தலைதான் இருக்கு, நம்ம கல்யாண வீடியோக்காரரே தேவலை" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்!

அண்ணே, தலை ஏன் பாதி? அத்தை மகள், ஆயா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையைத்தான் படம் பிடித்தாள். ஆயா பீடி சுற்றுகிறவர். மடியில் முறம். நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூளைப் போட்டு, உருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டி முறத்தில் போடும் வரை அவர் கண் அங்கே போகவே இல்லை. கண் பேத்தி மேல், பேச்சு தண்ணீர் மேல். "இந்தக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேவாது, வெறகுதான் வேவும்." வெளியாள் முன்னால் இந்த வாக்கியம் வருமா? நடக்கச் சொன்னார்கள், நடந்தார். பேசச் சொல்லவே இல்லையே!

எதிரணி இன்னொன்றும் சொன்னது, படிப்பறிவில்லாதவருக்குப் படமெடுக்க வருமா என்று. 1984-இல் அகமதாபாத்தில் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்துப் பெண்கள் வீடியோ கேமராவைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். எடுத்தார்களா இல்லையா?

நம்ம வேலூரைப் பற்றி யாரோ சொல்லிவைத்த வசனம் உங்களுக்கே தெரியும். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில். கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது. வசனம் மட்டும் மாறவில்லை! பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது, சட்டக் கல்லூரியில் பாடமாகப் படிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைத்தவர் குரலை எந்தப் பாடத்தில் கேட்டீர்கள்?

அந்த ஆயா இப்போது இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதில் முழுத் தலையும் இருக்கிறது, அண்ணே! ஆனால் என் அத்தை அதைப் பார்த்து அழுததில்லை. பொழுது சாய்ந்தால் மகளிடம், "அந்த அரைத் தலையைப் போடுடி" என்கிறார். படத்தின் கடைசியில் ஆயா அதட்டுகிறார்: "போதும் நிறுத்து, அடுப்புல பால் பொங்குது பாரு." நாற்பது வருஷம் அந்த மாமியாரோடு சண்டை போட்ட மருமகள், அதைக் கேட்டால் இன்றைக்கும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறார்.

மணி அடிக்கிறீர்கள், கேட்கிறது நடுவர் ஐயா. ஒரே கேள்வி. அண்ணே, உங்க அம்மா உங்களை அதட்டிக் கூப்பிட்ட குரல் உங்ககிட்ட இருக்கா? இருந்தா தீர்ப்பு உங்களுக்கே போகட்டும். வணக்கம்.