மலை மானுக்கு எந்த காலிபர்?

வணக்கம் நேயர்களே. இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று நம் ஊரில் மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று பேசப்போவது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைப் பற்றி. அங்கே ராக்கி மலைகளில், உரிமம் வாங்கி, அதற்குரிய பருவத்தில், மியூல் டியர் எனும் பெரிய காது மானை வேட்டையாடலாம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிய சான்று இருந்தால்தான் உரிமம்.

புதிதாக வருகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "மலைக்குப் போகிறேன், எந்த காலிபர் எடுக்கலாம்?" காலிபர் என்றால் குழலின் உள்விட்ட அளவு; தோட்டாவின் பெயரும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். கடைக்காரர் பெரும்பாலும் ஏதாவது ஒரு மேக்னத்தை, அதாவது மருந்து அதிகம் அடைத்த தோட்டாவைச் சுடும் ரைபிளை, நீட்டுவார். மலை என்றால் தூரம், தூரம் என்றால் பெரிய தோட்டா என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில்தான் எனக்குச் சண்டை.

சட்டம் என்ன கேட்கிறது? மானுக்குக் குறைந்தது 0.24 அங்குல விட்டமுள்ள சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் பற்றவைக்கும்) ரைபிள், 70 கிரெயின் (குண்டை எடைபோடும் சிறிய அலகு) எடைக்குக் குறையாத, பட்டதும் விரியக்கூடிய குண்டு, 100 கெஜத் தூரத்தில் 1,000 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு) மோதும் சக்தி. அவ்வளவுதான். 1955இல் வந்த 243 வின்செஸ்டர் என்ற தோட்டாவே இதைத் தாராளமாகத் தாண்டிவிடும். வளர்ந்த ஆண் மான் எண்பது, தொண்ணூறு கிலோ இருக்கும். சில நூறையும் தாண்டும். ஆனால் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஏறத்தாழ பத்து அங்குல வட்டம். அந்த வட்டத்துக்குள் நல்ல குண்டு ஒன்று புகுந்தால் போதும். வட்டத்துக்கு வெளியே பட்டால் எவ்வளவு பெரிய காலிபராக இருந்தாலும் மான் காயத்தோடு அடுத்த பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும்.

இப்போது எண்களைப் பாருங்கள். 7 எம்எம்-08 ரெமிங்டன், 140 கிரெயின் குண்டு, 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்த ரைபிள். 300 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ ஏழு அங்குலம் கீழே விழும். அதே கணக்கில் 300 வின்செஸ்டர் மேக்னம் எவ்வளவு விழும்? வித்தியாசம் ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேல் போகாது. 400 கெஜத்திலும் வித்தியாசம் சில அங்குலம்தான். இந்தச் சில அங்குலத்துக்காக, சுடும்போது ரைபிள் தோளில் பின்னோக்கி அடிக்கிற உதையை இரு மடங்கு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் கடைக்காரர்.

உதைக்கு வருகிறேன். எட்டு பவுண்டு எடையுள்ள ரைபிளில் 243 ஏறத்தாழ ஒன்பது அடி-பவுண்டு உதைக்கும். 7 எம்எம்-08 பதிமூன்று. 270 வின்செஸ்டர் பதினேழு. 30-06 இருபது. 300 மேக்னம் இருபத்தாறு, அதற்கும் மேல். இத்தனையும் எட்டு பவுண்டுக்கு. மலையேற வேண்டும் என்று ஆறு பவுண்டு ரைபிள் வாங்குவார்கள். அதே தோட்டா அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உதைக்கும். இலேசான ரைபிளும் வேண்டும், மேக்னமும் வேண்டும் என்றால் தோள்தான் அதற்கு விலை கொடுக்கும்.

தோள் வலித்தால் தாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பிரச்சினை வலி அல்ல. உதைக்குப் பயந்த உடம்பு, குண்டு புறப்படுவதற்கு முன்பே அசைந்துவிடும். கண் மூடும், விரல் விசையைச் சுண்டும், தோள் முன்னால் தள்ளும். சுடுகிறவருக்கே இது தெரியாது, ஏனென்றால் வெடிச்சத்தம் அதை மறைத்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சித் தளத்தில் நண்பர் ஒருவரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே, வெடிக்கவே வெடிக்காத ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களைக் கலந்து மேகசினில் போடச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும். அந்த நேரம் குழல் நுனியைப் பாருங்கள். அசையாமல் நின்றால் சரி. அரை அங்குலம் கீழே குத்தினால், 300 கெஜத்தில் மான் இருக்கிற இடத்தில் உங்கள் குண்டு இருக்காது. 270இல் குத்தினால் 7 எம்எம்-08க்கு இறங்குங்கள். அதிலும் குத்தினால் 243க்கு இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மசில் பிரேக் (குழல் நுனியில் பொருத்தி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டு) போட்டால் உதை குறையுமே என்பவர்களுக்கு: குறையும், காதும் போகும், பக்கத்தில் இருப்பவர் காதும் சேர்ந்தே போகும்.

மலையில் இன்னொரு தொல்லை. மேட்டை நோக்கிப் படுத்துக்கொண்டு சுடும்போது தலை முன்னால் போய் ஸ்கோப்பை, அதாவது ரைபிள் மேலிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியை, நெருங்கிவிடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே வழக்கமாக இருக்கிற மூன்றரை அங்குலம் இரண்டாகிவிடும். அப்போது மேக்னம் உதைத்தால் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு.

பெரிய காலிபர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஜிம் கார்பெட்டை நினைவூட்டுகிறேன். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை அவர் சுட்டதற்காக, ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹிவெட் ஒரு ரைபிளைப் பரிசளித்தார். ரிக்பி கம்பெனியின் 275. பெயர்தான் 275, உள்ளே போகிற தோட்டா 7x57 மவுசர், 1890களின் ஜெர்மன் வடிவமைப்பு. கார்பெட்டிடம் கனமான இரட்டைக்குழல் ரைபிளும் இருந்தது. ஆனால் குமாவுன், கர்வால் மலைச்சரிவுகளில் தூக்கி நடக்க அவருக்கு இந்த இலேசான ரைபிள் கைகொடுத்தது. 1926 மே மாதம் ருத்ரபிரயாக் சிறுத்தையை வீழ்த்தியதும் இதுவே. நான் மேலே சொன்ன 7 எம்எம்-08 இருக்கிறதே, 1980இல் வந்தது, அதன் வேலையும் ஏறத்தாழ இதேதான்; இன்னும் குட்டையான ரைபிளில் அடங்கும், அவ்வளவுதான். ஆட்கொல்லிச் சிறுத்தைக்குப் போதுமானது ஒரு மானுக்குப் போதாதா?

காலிபரைவிடப் பெரிய முடிவு குண்டு. இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. செம்பு உறைக்குள் சாதாரண ஈயம் உள்ள குண்டு 50 கெஜத்தில் முழு வேகத்தோடு தோள் எலும்பில் பட்டால் சிதறி, தோலுக்கடியிலேயே நின்றுவிடலாம். வேகம் அதிகமான மேக்னத்தில் இந்த ஆபத்தும் அதிகம். உறையும் ஈயமும் ஒட்டவைத்த 'பாண்டட்' குண்டோ முழுச் செம்புக் குண்டோ சிதறாமல் ஊடுருவும். ஆனால் செம்புக் குண்டு விரிய வேகம் வேண்டும்; விநாடிக்கு 1,800, 2,000 அடிக்குக் கீழே போனால் விரியாமலே துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே எந்தத் தூரம் வரை சுடப்போகிறீர்கள் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிற வேகப் பட்டியலைப் படியுங்கள்.

கடிகாரம் என்னை விரட்டுகிறது, சரிவைப் பற்றி இரண்டு வாக்கியம். மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் குண்டு உயரமாகத்தான் படும். கணக்குக்கு வருவது சரிவுத் தூரம் அல்ல, கிடைமட்டத் தூரம். முப்பது டிகிரி சரிவில் 300 கெஜம் என்றால் 260க்கு என்று நினைத்துச் சுடுங்கள், கோணம் கணக்கிடும் தூரமானி இருந்தால் அதையே நம்புங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. காரில் குலுங்கி வந்த ஸ்கோப்பை நம்பாமல், முகாமுக்குப் போனதும் மூன்று குண்டு சுட்டுக் குறியைச் சரிபாருங்கள். இடுப்புக்கு மேலே பளிச்சென்று ஒளிரும் (ஃப்ளோரசன்ட்) ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் 500 சதுர அங்குல உடை கட்டாயம், தொப்பியும் அதே நிறத்தில். குழல் வாயில் பனி புகாமல் இருக்க ஒரு துண்டு எலக்ட்ரிக் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அதைப் பிரிக்காமலேயே சுடலாம், குறி மாறாது. நன்றி, வணக்கம்.