மே மாதம் அல்ல, மேடே!

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மீன்வளத் துறை அதிகாரிகளே, வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் கடலோரக் காவல்படை அலுவலர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த சங்கச் செயலாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மேடே, பான்-பான், செக்யூரிட்டே. ஆபத்து, அவசரம், எச்சரிக்கை என்று அறிவிப்பதற்காக, ஆங்கிலத்தில் வயர்லெஸ் பேசுகிற கப்பல்காரர்கள் பிரெஞ்சிடம் வாங்கிக்கொண்ட மூன்று சொற்கள் இவை. மூன்றையும் விளக்க நினைத்திருக்கிறேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறுகிறவன் வாயிலும் சிதறாமல் வரவேண்டும் என்றே தேர்ந்த சொல்தான் மேடே.

1920களின் தொடக்கம். லண்டனை ஒட்டிய குராய்டன் விமான நிலையம். அங்கே வயர்லெஸ் பிரிவின் மூத்த அலுவலர் ஃபிரெடரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்டு. விமானி ஆபத்தில் சொன்னால் சட்டென்று புரிகிற சொல் ஒன்று வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். எஸ்.ஓ.எஸ். இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் அது தந்திக்கு வைத்தது: மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. இரைச்சலுக்கு நடுவே வாயால் சொன்னால் 'எஸ்' எங்கே காதில் விழும்? அன்று குராய்டன் போக்குவரத்தில் பெரும்பங்கு பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தோடு. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஒரே சொல் புரிய வேண்டாமா? 'உதவிக்கு வாருங்கள்' என்பதற்குப் பிரெஞ்சில் 'வெனே மெதே'. அதன் பின்பாதியை எடுத்தார், மேடே ஆயிற்று. மே மாதத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, தாய்மார்களே! 1927-இல் வாஷிங்டன் மாநாடு அதை உலகப் பொதுச்சொல்லாக ஏற்றது.

'பான்' என்றால் பழுது. இன்ஜின் நின்றுவிட்டது, உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்றால் பான்-பான். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, தீப்பிடித்துவிட்டது என்றால் மேடே.

இனி படகை ஓட்டும் நம் வீல் ஹவுஸுக்கு வருவோம். வயர்லெஸ் செட்டில் ஆபத்து அழைப்புக்கு உரியது சேனல் 16. செட் 1 வாட்டில் இருந்தால் 25-க்கு மாற்றுங்கள். குறைந்த சக்தியில் கூப்பிட்டுவிட்டு யாரும் கேட்கவில்லையே என்று தவிப்பதுண்டு. மைக் பொத்தானை அழுத்தி 'மேடே' மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை. மறுபடி ஒரு மேடே, பெயர். அடுத்து ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி, எத்தனை பேர். 'ஓவர்' சொல்லிப் பொத்தானை விட்டுவிடுங்கள். விடாமல் பிடித்திருந்தால் பதில் உங்கள் காதில் விழாது, சேனலும் அடைபட்டுப்போகும். பதறாத காரியம் சிதறாது! பெயரைச் சொன்னதும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். பேச்சு பாதியில் அறுந்தாலும் தேட ஒரு திசை கிடைக்கும்.

செக்யூரிட்டேவை நேரம் கருதி விடுகிறேன். மேடையில் இருக்கும் அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் ஒன்றே. இந்த மேடே வாசகத்தைத் தமிழ் எழுத்தில், தண்ணீர் படாத அட்டையில் அச்சடித்து, படகின் பெயரை எழுதி, ஒவ்வொரு படகிலும் மைக்குக்குப் பக்கத்தில் மாட்டித் தாருங்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில்தானே நிற்கின்றன, அப்போதே செய்துவிடலாம். நன்றி, வணக்கம்.