ஆறப் பொறுக்காத காதுகள்

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, காட்பாடியிலிருந்து இந்த வெயிலில் பாலாற்றைத் தாண்டி வந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, வேன் பிடித்து வந்திருக்கும் பறை, பம்பைக் கலைஞர்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் குடியாத்தம் கைத்தறித் துண்டு போர்த்தினீர்கள். நெய்த கைகளுக்குத் தனி நன்றி.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: ஒரு ஆல்பம், அதற்கு வந்த விமர்சனம், விமர்சனத்துக்கு நாம் வைக்க வேண்டிய அளவுகோல். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா?

இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் 1978இல் தன் முதல் பாட்டிலேயே பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். அப்போது வயது 19. பாப் பாட்டுக்குள் நாடகத்தையும் இலக்கியத்தையும் விநோத ஒலிகளையும் கொண்டுவந்தவர். இதைத்தான் ஆர்ட் பாப் என்கிறார்கள். 1982இல் 'த ட்ரீமிங்' வந்தது. முழுக்கத் தானே தயாரித்த முதல் ஆல்பம். கடைசிப் பாட்டில் கதறல் முற்றி, கழுதைக் கத்தலே கேட்கும்! ஆல்பம் 3ஆம் இடம்வரை போனது. ஆனாலும் முந்தைய ஆல்பம் முதலிடம் பிடித்திருந்ததால் சறுக்கல் என்றார்கள். விமர்சகர் பலர் குழம்பினார்கள். இன்று அதே ஆல்பத்தை அவருடைய துணிச்சலான படைப்பு என்று கொண்டாடுகிறார்கள். ஆறப் பொறுக்க வேண்டாமா?

இந்த இடத்தில் என் தாய்மாமா கதையைச் சொல்லியாக வேண்டும். பறை அடிப்பவர். 1987இல் கேசட் போட ஆசைப்பட்டு, ஆட்டை விற்ற காசோடு சென்னைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அன்று அடைமழை. பறையின் தோல் தளர்ந்து, விரலால் சுண்டினால் 'தொப்'பென்றது. வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். ஸ்டுடியோவிலோ நெருப்புக் கூடாது. மாமா பறையைத் தூக்கிக்கொண்டு எதிர் டீக்கடைக்கு ஓடினார். அடுப்பில் காட்டி, சுண்டிப் பார்த்து, 'டண்' என்றதும் சாக்கால் மூடிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். படியேறுவதற்குள் மறுபடி தொப்! நாலு தடவை ஓடினார். "பெரியவரே, மணிக்கணக்கில வாடகை ஓடுது" என்றார் பொறியாளர். "இருப்பா, தோலு காயட்டும். இன்னா அவசரம்?" என்றார் மாமா. காசு தீர்ந்தது. பதிவானது அந்தத் தொப்புதான். கடைசிவரை அந்தக் கேசட்டை அவர் போட்டுக் கேட்டதே இல்லை.

'த ட்ரீமிங்' லண்டனில் பல ஸ்டுடியோக்களில் பதிவானது; செலவு எகிறியது. அதற்கப்புறம் கேட் புஷ் என்ன செய்தார் தெரியுமா? குடும்ப வீட்டுப் பண்ணையிலேயே சொந்த ஸ்டுடியோ கட்டினார். வாடகைக் கடிகாரம் நின்றது. 1985இல் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' முதலிடம் பிடித்தது. அதிலுள்ள 'ரன்னிங் அப் தட் ஹில்' 37 ஆண்டு கழித்து, 2022இல், பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது!

அவருக்குப் பண்ணை இருந்தது. நம் கலைஞனுக்கு எது இருக்கிறது? அதனால்தான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்: வேலூரில் ஒரு பொது ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும். வாடகை இல்லாமல், நாள் கணக்கில். மாநகராட்சி ஒரு பழைய கட்டடத்தை ஒதுக்கினால் போதும். முன்னிலை வகிக்கும் உறுப்பினர் அவர்கள் இதை மன்றத்தில் எழுப்ப வேண்டுமென்று மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். அளவுகோலைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். வாசலில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். அதில் கடைசி வரியை நானே கையால் சேர்த்திருக்கிறேன்: கூடத்துக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்த ஒரு முற்றம் வேண்டும்.