பத்துக்கு எட்டுப் பொருத்தம், ஒரு ரத்த ரிப்போட்

வணக்கம் உறவுகளே. திருகோணமலை டச்சு பே கடற்கரையில் இருக்கிறேன். காற்று இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டப் போவதில்லை. கலியாணக் கதை, கொஞ்சம் ரத்தக் கதை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு 'ரத்தம் குறைவு' என்ற பெயர். எங்கே காட்டினாலும் இரும்புச்சத்துக் குளிசைதான். அம்மா வேறு முருங்கை இலை வறை, பேரீச்சம்பழம் என்று விடமாட்டா. ஹீமோகுளோபின் 10.8ஐத் தாண்டவே இல்லை. போன வருடம் ஒரு டொக்டர் பழைய ரிப்போட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் நிறைய, ஆனால் ஒவ்வொன்றும் சின்னன். எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 64. அது 80க்கு மேல் இருக்க வேணும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரியாக இருந்தது. ஹீமோகுளோபினில் ஏ2 என்ற வகை எவ்வளவு என்று பார்த்தால் 5.1 சதவீதம், 3.5க்குள் நிற்க வேண்டியது. நான் பீட்டா தலசீமியா காவி. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய் அது, காவி என்றால் அதன் மரபணு ஒன்றைச் சுமப்பவர். அத்தனை வருடக் குளிசையும் வீண்!

எனக்கு இதனால் நோய் ஒன்றுமில்லை. தாயும் தகப்பனும் இரண்டு பேருமே காவி என்றால்தான் சிக்கல். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு 'மேஜர்', அதாவது கடுமையான தலசீமியா, வர இடமிருக்கிறது. மூத்தது சுகமாகப் பிறந்தாலும் அடுத்ததற்கு அதே கணக்குத்தான். மேஜர் வந்த பிள்ளைக்கு இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேணும். ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராம் அளவில் இரும்பு. உடம்புக்கு அதை வெளியே தள்ளத் தெரியாது, இருதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும். அதை இறக்க, வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசி வைத்து, சின்ன பம்ப் ஒன்றால் இரவிரவாக மருந்து போகும். இப்போது குளிசையும் உண்டு.

தலசீமியா என்ற பெயரில் இருக்கும் 'தலசா' என்றால் கிரேக்கத்தில் கடலாம். மலேரியா இருந்த ஊர்களில்தான் இது கூட, காவிகளுக்கு மலேரியா அவ்வளவு ஒட்டாது. அம்மம்மாவின் காய்ச்சல் கதைகள் இப்போதுதான் விளங்குகின்றன.

சரி, கலியாணம். குறிப்பில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். "மாப்பிள்ளையும் ரத்தம் சோதிக்கட்டும்" என்றேன். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் மறுபேச்சில்லாமல் எடுத்தார், ஏ2 சேர்த்து. நோர்மல். இனிப் பிள்ளைகள் காவியாகலாம், மேஜர் வராது.

இப்போது அம்மாவுக்குத் தங்கச்சியின் கவலை. "அவளுக்கு எடுக்க வேண்டாம், வெளியில தெரிஞ்சா மாப்பிள்ளை கிடைக்காது." நானோ கடற்கரையில் நின்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஊசியைக் கண்டால் ஓடுவாள், கையைப் பிடித்து வைக்க வேணும்.